சீட்டுப் பணம் ஒரு லட்சம்... கனவு கேமராவில் எதற்கு எவ்வளவு?

“போன்லயே நல்லாத்தானே வருது... இதுக்கு எதுக்கும்மா ஒரு லட்சம்?”

மகள் கேமரா வேண்டுமென்று கேட்டதும் பல வீடுகளில் அப்பா கேட்கும் முதல் கேள்வி இதுதான். விவரம் தெரியாமல் கேட்கிறார் என்று மகளுக்குக் கோபம் வரும். உண்மையில், அது கேட்கப்பட வேண்டிய கேள்வி. அதற்குப் பதில் தெரியாமல் கடைக்குப் போகிறவர்கள்தான் ஏமாந்து திரும்புகிறார்கள்.

உதாரணத்துக்கு ஒரு வீட்டை வைத்துக்கொள்ளலாம். பி.காம் முடித்த மகள். பக்கத்து வீட்டு அக்காவின் வளைகாப்பை போனில் படமெடுத்துக் கொடுத்திருக்கிறாள். எல்லோரும் பாராட்டுகிறார்கள். அடுத்த தெருவில் ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குக் கூப்பிடுகிறார்கள், பணமும் தருவதாகச் சொல்கிறார்கள். வளைகாப்பு, சீமந்தம், குழந்தைக்குப் பெயர் வைக்கும் விழா என்று பெண்கள் கூடும் இடங்களுக்கு ஒரு பெண்ணே கேமராவோடு வந்தால் நல்லது என்று நினைக்கும் குடும்பங்கள் நிறைய. அம்மாவுக்கோ, மாதம் ஐயாயிரமாக இருபது மாதம் கட்டிய சீட்டுப் பணம் கைக்கு வருகிறது. தம்பியின் காலேஜ் ஃபீஸுக்கும் அதே பணத்தில்தான் ஒரு கண் இருந்தது. இன்னொரு முறை இப்படி மொத்தமாக வராது.

கடைக்குப் போகிறார்கள். “ரெண்டு லென்ஸ், பேக், மெமரி கார்டு, ட்ரைபாட் எல்லாம் சேர்த்து ஆஃபர்ல இருக்குக்கா” என்கிறார் கடைக்காரத் தம்பி. மீதிப் பணத்தில் ஒரு பட்டுப்புடவைகூட எடுக்கலாம் என்று அம்மா மனதுக்குள் கணக்குப் போடுகிறார். பளபளப்பான பெட்டியோடு வீட்டுக்கு வருகிறார்கள்.

அடுத்த வாரம் பிறந்தநாள் விழா. ஹாலில் ஒரு ட்யூப் லைட், கேக்குக்கு மேலே சீரியல் செட். குழந்தை ஒரு நொடி நிற்பதில்லை. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் முகமெல்லாம் மணல் தூவியதுபோல் இருக்கிறது. பாதிப் படங்களில் குழந்தையின் கை ஆடிப்போயிருக்கிறது. அதே விழாவில் குழந்தையின் மாமா போனில் எடுத்தது பளிச்சென்று வந்திருக்கிறது. அப்பாவின் கேள்வி மறுபடியும் வந்து நிற்கிறது.

போன் ஏன் ஜெயித்தது?

நல்ல போன்களின் முக்கிய லென்ஸ் பெரும்பாலும் எஃப் 1.8 அல்லது அதற்குப் பக்கத்தில் இருக்கும். எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் வாய் அகலம், வெளிச்சம் அதிகம். போதாததற்கு, ஒரு தடவை தொட்டால் போன் மளமளவென்று பல படங்களை எடுத்து, அவற்றை ஒன்றாகச் சேர்த்து, இரைச்சலைத் துடைத்துக் கொடுத்துவிடுகிறது. கேமராவில் இந்த வித்தையை எதிர்பார்க்க முடியாது.

கேமராவோடு சேர்த்துத் தரும் கிட் லென்ஸில் ‘18-55, 3.5-5.6’ என்று எழுதியிருக்கும். முகத்தைக் கிட்டத்தில் எடுக்க 55-க்கு ஜூம் செய்தால் வாய் 5.6-க்குச் சுருங்கிவிடும். 5.6-க்கும் 1.8-க்கும் இடையே வெளிச்சத்தில் கிட்டத்தட்ட பத்து மடங்கு வித்தியாசம். நம் வீட்டு ஹாலின் ட்யூப் லைட்டில், ஓடும் குழந்தையை ஆடாமல் பிடிக்க ஷட்டர் வேகம் 1/200 நொடியாவது வேண்டும். 5.6 லென்ஸில் அதற்கு ஐ.எஸ்.ஓ-வை 12800 வரை ஏற்ற வேண்டியிருந்தால், 1.8 லென்ஸில் 1250-லேயே வேலை முடிந்துவிடும். அந்த மணல், கேமரா மோசம் என்பதால் வந்ததல்ல. வெளிச்சம் உள்ளே போக வழி இல்லாததால் வந்தது.

போனைவிடப் பல மடங்கு பெரிய சென்சார் உள்ளே இருக்கிறது. ஆனால், வாசலை அடைத்து வைத்திருக்கிறார்கள். ஒரு லட்சத்தில் பெரும்பங்கைக் கேமராவின் பெயருக்கும் மாடல் நம்பருக்கும் கொடுத்துவிட்டு, கூடவே வந்த லென்ஸை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைப்பதில்தான் கோளாறு. எடுக்கப்போகும் படம் எது, எந்த இடத்தில், எந்த வெளிச்சத்தில் என்று முதலில் கேட்டால் பட்ஜெட் வேறு மாதிரி பிரியும்.

பத்தடி ஹாலுக்கு எந்த லென்ஸ்?

‘ஜூம் ஆகாத லென்ஸா, அதை வைத்து என்ன செய்வது?’ என்று தயங்குபவர்கள் அதிகம். ஃபிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் தன் வாழ்நாளின் பெரும்பாலான படங்களை ஒரு லைக்கா கேமராவிலும் ஒரே ஒரு 50 எம்.எம் லென்ஸிலும்தான் எடுத்தார். ஜூம் இல்லாதது ஒரு குறையே இல்லை. கால் இருக்கிறதே, இரண்டு எட்டு முன்னே வைத்தால் போயிற்று.

‘அப்படியென்றால் 50 எம்.எம், 1.8 வாங்கிவிடு’ என்பதுதான் எல்லோரும் சொல்லும் யோசனை. விலை குறைவு, படம் அழகு என்பதெல்லாம் உண்மைதான். ஆனால், வளைகாப்பு எடுக்கப்போகும் பெண்ணுக்கு அது அவ்வளவு பொருந்தாது. காரணம், ஹாலின் நீளம்.

முழுச் சட்டக சென்சார், அதாவது ஃபுல் ஃப்ரேம், 36-க்கு 24 மில்லிமீட்டர். ஆரம்ப விலைக் கேமராக்களில் பெரும்பாலும் இருப்பது ஏ.பி.எஸ்-சி என்ற சிறிய சென்சார். அதன் நீளப் பக்கம் நிக்கான், சோனியில் சுமார் 23.5 மில்லிமீட்டர், கேனானில் சுமார் 22.3. சிறிய சென்சாரில் 50 எம்.எம் லென்ஸைப் போட்டால், அது பெரிய சென்சாரில் 75 அல்லது 80 எம்.எம் போட்டதுபோல் நெருக்கமாகக் காட்டும். ஐந்தரை அடிப் பெண்ணை, தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விட்டு, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து எடுக்க வேண்டுமென்றால் 13, 14 அடி பின்னால் போக வேண்டும். பத்தடி ஹாலில் சுவரை உடைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கும்! அதே படத்தை 35 எம்.எம் லென்ஸில் ஒன்பது, பத்து அடியில் எடுத்துவிடலாம்.

அதனால், வீட்டு விழாக்களுக்கு ஏ.பி.எஸ்-சி கேமராவில் 35 எம்.எம், 1.8 என்பதே முதல் லென்ஸ். 50 எம்.எம், மொட்டை மாடியிலும் பார்க்கிலும் தனி ஆளாக நிற்கவைத்து எடுக்க. ஃபுல் ஃப்ரேம் வாங்குபவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அங்கே 50 எம்.எம்மே ஹாலுக்கும் ஓரளவு ஒத்துவரும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1.8 இருக்கிறதே என்று குடும்பம் மொத்தத்தையும் மூன்று வரிசையாக நிறுத்தி 1.8-லேயே எடுத்தால், முன்வரிசைச் சித்தி தெளிவாகவும் பின்வரிசை மாமா மங்கலாகவும் வருவார்கள். அந்தப் பஞ்சாயத்து பல வருஷம் ஓடும். குரூப் போட்டோவுக்கு 5.6-க்குப் போய்விட வேண்டும். அப்போது குறையும் வெளிச்சத்துக்கு என்ன செய்வது?

ஒரு ஃப்ளாஷ், ஒரு தெர்மாகோல்

எல்லோரும் கடைசியில் யோசிக்கிற, பணம் மிஞ்சினால் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிற பொருள் ஃப்ளாஷ். லென்ஸுக்கு அடுத்த இடம் அதற்குத்தான். கேமராவுக்குள்ளேயே இருந்து எழும்பும் சின்ன ஃப்ளாஷைச் சொல்லவில்லை. அது நேராக முகத்தில் அடிக்கும். நெற்றி வேர்வை மின்னும், ஜரிகை வெளுக்கும், பின்சுவரில் கறுப்பு நிழல் விழும். தலையைத் திருப்பக்கூடிய தனி ஃப்ளாஷ் வேண்டும். கோடாக்ஸ் போன்ற கம்பெனிகளின் ஃப்ளாஷ்கள், கேமரா கம்பெனிகளின் சொந்த ஃப்ளாஷைவிட நன்றாக விலை குறைவு. ஆறேழாயிரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டாயிரத்துக்குள் நல்லதாகவே கிடைக்கும். கையால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் மாடல் மலிவு. தானே கணக்குப் போட்டுக்கொள்ளும் டி.டி.எல் மாடல் கொஞ்சம் கூட. ஓடும் குழந்தைகளை எடுப்பவருக்கு டி.டி.எல் நல்லது.

அதன் தலையை வெள்ளைக் கூரையைப் பார்த்தோ பக்கச் சுவரைப் பார்த்தோ திருப்பி அடித்தால், அந்தச் சுவரே ஒரு பெரிய ஜன்னலாகிவிடும். முகத்தில் மென்மையான வெளிச்சம் விழும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். சுவர் பச்சை பெயின்ட் என்றால் முகமும் லேசாகப் பச்சையடிக்கும். பந்தலின் ரோஸ் நிறத் துணியில் அடித்தால் வளைகாப்புப் பெண்ணின் கன்னத்துச் சந்தனம்கூட ரோஸாகிவிடும். அந்த மாதிரி இடங்களுக்கு சினிமா யூனிட்களில் காலம் காலமாகப் பயன்படும் ஒரு கருவி இருக்கிறது: தெர்மாகோல் அட்டை. ஸ்டேஷனரி கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். யாராவது ஒரு பக்கம் பிடித்துக்கொண்டால், ஜன்னல் வெளிச்சத்தைத் திருப்பி இன்னொரு கன்னத்தில் போடலாம், ஃப்ளாஷையும் அதில் அடிக்கலாம்.

கேமரா வாங்கும் முன் ஃப்ளாஷ் விஷயத்தில் ஒன்றைக் கேட்டுவிட வேண்டும். வீடியோவுக்கென்றே வடிவமைத்த சில மாடல்கள் ஃப்ளாஷோடு ஒத்துப்போகாது. சோனியின் இசட்.வி-இ10 மார்க் 2-ல் மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது, ஃப்ளாஷ் போட முடியாது. கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரும் இல்லை. யூ-டியூபில் பேசுபவருக்கு அது அருமையான கேமரா, பிறந்தநாள் எடுப்பவருக்கு அல்ல. மெக்கானிக்கல் ஷட்டர் இல்லாமல் எடுக்கும்போது எல்.இ.டி விளக்குகளின் கீழ் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும் ஆபத்தும் உண்டு.

இப்போது கேமரா... புதுசா, பழசா?

மெகாபிக்சலைப் பற்றிக் கடையில் எவ்வளவு பேசினாலும் தலையாட்டிவிட்டு வந்துவிடலாம். 24 மெகாபிக்சல் என்றால் 6000-க்கு 4000 புள்ளிகள். நல்ல பிரின்ட்டுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்குப் போட்டால் 20-க்கு 13 அங்குலம் வரை தாராளமாகப் போடலாம். நம் ஊர் கல்யாண ஆல்பத்தின் ஒரு பக்கம் 18-க்கு 12. அதற்கே போதும் என்னும்போது வளைகாப்பு ஆல்பத்துக்கு என்ன குறை?

பெரிய முடிவு புதுசா பழசா என்பதுதான். லென்ஸ் கிட்டத்தட்ட நகை மாதிரி, பூஞ்சை பிடிக்காமல் வைத்திருந்தால் பத்து வருஷம் கழித்தும் ஒரு விலை இருக்கும். கேமரா பாடி செல்போன் மாதிரி. புது மாடல் வந்த அன்றே பழையதன் விலை சரியத் தொடங்கிவிடும். வாங்குபவருக்கு அதுவே லாபம். ஒரு காலத்தில் கல்யாண ஸ்டுடியோக்காரர்கள் தோளில் தொங்கிய நிக்கான் டி750, கேனான் 5டி மார்க் 3 போன்ற ஃபுல் ஃப்ரேம் டி.எஸ்.எல்.ஆர்கள் இன்று புது ஆரம்ப நிலைக் கேமராவின் விலைக்குள் கைமாறுகின்றன. இவற்றில் இரண்டு கார்டு போடும் வசதி உண்டு. ஒன்று பழுதானாலும் இன்னொன்றில் படம் இருக்கும். காசு வாங்கிக்கொண்டு எடுப்பவருக்கு இது சின்ன விஷயமல்ல.

ஆனால் எடை அதிகம், வாரன்ட்டி கிடையாது. புது மிரர்லெஸ் கேமராக்கள் கண்ணைத் தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்வதில் இவற்றைவிடக் கெட்டி. துறுதுறு குழந்தைகளை எடுப்பதுதான் முக்கிய வேலை என்றால் புது ஏ.பி.எஸ்-சி மிரர்லெஸ் பாடியே நிம்மதி. கல்யாணம் நோக்கிப் போகும் எண்ணம் இருந்தால் பழைய ஃபுல் ஃப்ரேம்.

எந்தப் பக்கம் போனாலும், லென்ஸ் மாட்டும் வாயான ‘மவுன்ட்’டைக் கேட்டு வாங்க வேண்டும். கேனான் எம்50 நம் ஊரில் நிறைய விற்ற கேமரா. இன்று பழைய விலைக்கு மலிவாக வரும். ஆனால், அதன் இ.எஃப்-எம் வரிசையையே கேனான் 2023-ல் நிறுத்திவிட்டது. அதற்கு வாங்கும் லென்ஸை நாளை கேனானின் புது ஆர் கேமராவில் மாட்ட முடியாது. மாறாக, கேனானின் பழைய இ.எஃப் லென்ஸ்கள் ஓர் அடாப்டர் இருந்தால் புது ஆர் கேமராக்களில் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும். நிக்கானில் வேறொரு பொறி. பழைய ‘ஏ.எஃப்-டி’ லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி டி3500, டி5600 போன்ற சின்ன கேமராக்களில் போட்டால் ஆட்டோஃபோகஸ் ஓடாது. அந்த லென்ஸை ஓட்டும் மோட்டார் இந்த கேமராக்களுக்குள் இல்லை.

பழைய கேமரா பார்க்கப் போகும்போது கையில் ஒரு டார்ச் போதும். லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பார்த்தால், உள்ளே சிலந்தி வலைபோல் நூல் நூலாகத் தெரிவது பூஞ்சை. விலை பாதியாகக் குறைத்தாலும் வேண்டாம். அடுத்து ஷட்டர் கணக்கு. ஒவ்வொரு க்ளிக்கும் வண்டியின் கிலோமீட்டர் மாதிரி. மேலே சொன்ன இரண்டு மாடல்களிலும் ஷட்டரை 1,50,000 க்ளிக்குக்குச் சோதித்திருப்பதாகக் கம்பெனிகளே சொல்கின்றன. கல்யாண சீசனில் ஓடிய கேமரா அதைத் தாண்டியிருக்கலாம். நிக்கானில் படத்தின் ஃபைலுக்குள்ளேயே இந்த எண் இருக்கும், கேனானில் தனி மென்பொருளோ சர்வீஸ் சென்டரோ தேவைப்படலாம். பிறகு எஃப் 16-ல் வைத்து வெறும் வானத்தை ஒரு படம். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. அது துடைத்தால் போகும், விலை குறைக்கக் கேட்கவும் ஒரு காரணம். ஒரிஜினல் பில் இல்லாமல், சீரியல் நம்பரை பில்லோடு ஒத்துப் பார்க்காமல் மட்டும் பணத்தை எடுக்கக் கூடாது. திருட்டுப் பொருளாக இருந்தால் போலீஸ் ஸ்டேஷன் படியேறுவது நாமாக இருக்கும்.

புதிதாக வாங்குபவர்களுக்கும் பில் முக்கியம். ‘பில் இல்லாமல்னா குறைச்சுத் தரேன்’ என்றால் 18 சதவிகித ஜி.எஸ்.டி-யோடு சேர்த்து இந்திய வாரன்ட்டியும் போகிறது என்று அர்த்தம். வெளிநாட்டிலிருந்து வேறு வழியில் வந்த பொருளாகவும் இருக்கலாம்.

ஒரு லட்சம் எப்படிப் பிரியும்?

வளைகாப்பும் பிறந்தநாளும் எடுக்கப்போகும் அந்த மகளுக்கு ஏறத்தாழ இப்படிப் பிரிக்கலாம். விலைகள் மாதத்துக்கு மாதம் மாறும், விகிதம் மாற வேண்டியதில்லை. பாடிக்கு ஐம்பதாயிரம். அதைத் தாண்டுவதில்லை என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட வேண்டும். புதிதென்றால், இந்த விலைக்குள் வருவது ஆரம்ப நிலை மாடல்தான், பரவாயில்லை. லென்ஸுக்கு இருபதாயிரம். ஃப்ளாஷுக்குப் பத்தாயிரம். இன்னொரு பேட்டரிக்கும் கார்டுகளுக்கும் ஆறாயிரம். படங்களைச் சேமிக்க வெளி ஹார்டு டிஸ்க் ஆறாயிரம். பைக்கும் காற்றுப் புகாத டப்பாவுக்கும் சேர்த்து மூவாயிரம். மீதி ஐயாயிரம் அம்மாவிடமே இருக்கட்டும். கேமரா கீழே விழும் நாளும் வரும்.

ட்ரைபாட் எங்கே என்று கேட்கலாம். ஆஃபரில் இலவசமாகத் தரும் ட்ரைபாடைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். கேமராவோடு சேர்ந்து அதுவும் ஆடும். ஓடும் குழந்தைக்கு ட்ரைபாடால் பயனும் இல்லை.

ஒரே 128 ஜி.பி கார்டு வாங்குவதைவிட 32 ஜி.பி கார்டாக மூன்று வாங்குவது ஒற்றைக் கார்டு கேமராவுக்கு நல்லது. 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா ஃபைல் சுமார் 25 எம்.பி என்றால் 600 க்ளிக்குக்கு 15 ஜி.பி. வளையல் அடுக்கி முடித்ததும் ஒரு கார்டு, சாப்பாட்டுப் பந்திக்கு ஒரு கார்டு என்று மாற்றிக்கொண்டால், ஒன்று கெட்டாலும் எல்லாம் போகாது. கார்டின் மேல் ‘வி30’ என்று இருந்தால் நொடிக்குக் குறைந்தது 30 எம்.பி வேகத்தில் எழுதும் என்று பொருள். போலிகள் நிறைய உலவுகின்றன. பில் போட்டுத் தரும் கடையில் மட்டுமே வாங்க வேண்டும்.

படங்களைச் சரிசெய்ய மாதச் சந்தா கட்டும் மென்பொருள் உடனே தேவையில்லை. ‘டார்க்டேபிள்’ இலவசம், ரா ஃபைலைத் திறக்கும். பழக ஒரு மாதம் பிடிக்கும், அவ்வளவுதான்.

‘வட்டியில்லா இ.எம்.ஐ-ல இன்னும் பெரிய மாடலே எடுத்துடலாமே’ என்ற ஆசை கடை வாசலில் வரும். பிராசஸிங் கட்டணம், அதற்கு ஜி.எஸ்.டி, மொத்தமாகக் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடி போவது எல்லாவற்றையும் கூட்டினால்தான் அது எவ்வளவு ‘வட்டியில்லா’ என்று தெரியும். முதல் ஆர்டருக்கு முன்னால் மாதத் தவணை வேறு எதற்கு?

இத்தனைக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பெரும்பாலான ஊர்களில் கேமரா, லென்ஸ் வாடகைக்குக் கிடைக்கிறது. அடையாள அட்டையும் முன்பணமும் கேட்பார்கள். மனதில் இருக்கும் பாடியையும் 35 எம்.எம் லென்ஸையும் ஒருநாள் எடுத்து, அந்தப் பிறந்தநாள் விழாவையே எடுத்துப் பார்க்கலாம். கை வலிக்கிறதா, மெனு புரிகிறதா, ஹாலில் பின்னால் போக இடமிருக்கிறதா என்று அன்று சாயங்காலமே தெரிந்துவிடும். அந்தப் படத்தை அப்பாவிடமும் காட்டலாம்.

வாங்கி வந்த பிறகு கேமராவைப் பட்டுப்புடவையோடு சேர்த்து பீரோவில் பூட்டும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. இருட்டு, காற்றில்லாத இடம், கூடவே தோல் உறை... பூஞ்சைக்கு இதைவிட நல்ல வீடு கிடையாது. சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம் பிடிக்கும். ரப்பர் விளிம்பு வைத்த பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றையும் வைத்து, 40-லிருந்து 50 சதவிகிதத்துக்குள் பார்த்துக்கொண்டால் போதும். நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், சூடாக்கி மறுபடி போடலாம். அரிசிக்குள் புதைத்து வைக்க வேண்டாம், அதன் மாவுத்தூள் லென்ஸ் வளையங்களுக்குள் போய்விடும். எல்லாவற்றையும்விட நல்லது, கேமராவை வாரத்துக்கு இரண்டு நாளாவது வெளியே எடுப்பது.

ஜூம் லென்ஸ் இப்போது வேண்டாம். கல்யாண மண்டபத்துக்குக் கூப்பிடும்போது பார்த்துக்கொள்ளலாம். அது சீட்டுப் பணத்தில் வாங்க வேண்டிய பொருளும் இல்லை. நாலைந்து வளைகாப்புகளின் சம்பளத்தில் மகளே வாங்கிக்கொள்ளட்டும்.